செருப்பு ஸ்டாண்டின் அடியில் ஒரு கோடு

எங்கள் விசிட்டிங் கார்டில் என் பெயருக்குக் கீழே 'டைரக்டர்' என்று போட்டிருக்கும். மச்சானுடைய கார்டில் 'மேனேஜிங் டைரக்டர்'. கம்பெனியில் மொத்தம் ஆறு பேர். ஆறில் இரண்டு பேர் டைரக்டர் என்றால் மீதி நாலு பேர் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஜீவனஹள்ளியில் முப்பதுக்கு நாற்பது சைட்டில் தகரக் கொட்டகை போட்டு, ஜன்னல் கிரில், கேட் என்று வெல்டிங் வேலை செய்துகொண்டிருந்தவர். நான் ஒரு பெரிய ஃபேக்டரியில் பதினெட்டு வருஷம் சூப்பர்வைசராக இருந்துவிட்டு, 'போதும், கிளம்புங்கள்' என்று அவர்கள் கொடுத்த தொகையோடு வெளியே வந்தவன். அந்தத் தொகை என் கணக்கில் விழுந்த அன்று சாயங்காலம் மச்சான் ஒரு கிலோ ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தார். அதுவரை அவர் எங்கள் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம்கூட வாங்கி வந்ததில்லை. நான் வாழ்க்கையில் தின்றதிலேயே விலை அதிகமான பழம் அந்த ஆப்பிள்தான்.

"மாப்ள, இந்த ஊர்ல டீ விக்கிறவன்கூட ஸ்டார்ட்அப்னு போர்டு வெச்சிருக்கான். நாம எதுக்கு இன்னும் கிரில் அடிச்சிட்டிருக்கோம்?"

அவர்தான் அடித்துக்கொண்டிருந்தார். 'நாம' என்று அவர் சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். உஷாராக இருக்கிறவன் பதினெட்டு வருஷம் சூப்பர்வைசராக மட்டுமே இருந்திருப்பானா?

எங்களிடம் கொட்டகை இருந்தது, மெஷின் இருந்தது, என் பணம் இருந்தது. என்ன செய்வது என்கிற யோசனை மட்டும் இல்லை. அது ஒரு நாள் ஸ்கூட்டியில் வந்து இறங்கியது.

பிரேசர் டவுனிலேயே பிறந்து வளர்ந்த பெண். முப்பது வயது இருக்கும். கையில் அட்டையில் ஒட்டிச் செய்த ஒரு சாமான். "அங்கிள், இத இரும்புல ஒரே ஒரு பீஸ் பண்ணித் தருவீங்களா?" என்று கேட்டார். அங்கிள்! முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் நான் தலைக்கு டை அடித்திருந்தேன்.

அந்த அட்டை சாமான் ஒரு செருப்பு ஸ்டாண்ட். இந்த ஊரில் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும். சுவரில் ஆணி அடித்தால் ஓனர் அட்வான்ஸில் பிடிப்பார். வாசலுக்கு வெளியே ஸ்டாண்ட் வைத்தால் அசோசியேஷன்காரர் வாட்ஸ்அப்பில் ஃபோட்டோ போட்டு மானத்தை வாங்குவார். இவர் யோசித்தது, வாசலில் இருக்கும் கிரில் கேட்டிலேயே மாட்டித் தொங்கவிடுகிற ஸ்டாண்ட். ஐந்து அங்குலத் தடிமன்தான். செருப்புகள் சாய்வாக நிற்கும். கேட்டைத் திறந்தால் கூடவே திறக்கும், மூடினால் மூடும். தரையில் கால் படாததால் காரிடாரை ஆக்கிரமித்ததாக யாரும் சொல்ல முடியாது.

நான் அதை எங்கள் கொட்டகை கேட்டில் மாட்டி, என் செருப்பைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். இவ்வளவு சின்ன விஷயம், இருபத்தைந்து வருஷமாக இந்த ஊரில் செருப்பில் தடுக்கி விழுகிற எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இருந்தது. மச்சானுக்கும் தோன்றியது, ஆனால் வேறு மாதிரி. "மாப்ள, இது ஓடும்" என்று என் காதில் சொன்னார்.

டிசைனுக்கு மொத்தமாக அறுபதாயிரம் கேட்டார் அந்தப் பெண். மச்சான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

எங்களை மாதிரி ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு. கம்பிக்குக் கிலோ கணக்கில் கொடுப்போம். கரண்டுக்கு, டெம்போவுக்கு, ஆயுதபூஜை பூசணிக்காய்க்குக்கூடக் கொடுப்போம். யோசித்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்றால் மட்டும் கோயில் வாசலில் சில்லறை தேடுகிற முகம் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத சாமானுக்கு எப்படிக் காசு கொடுப்பது? எடைக்கல்லில் வைத்துக் காட்டு பார்க்கலாம்.

அப்போது நான்தான் ராயல்டி என்ற வார்த்தையைச் சொன்னேன். ஏதோ வீடியோவில் கேட்டது. இப்போது கையில் ஒன்றும் தர வேண்டாம், விற்கிற ஒவ்வொரு பீஸுக்கும் முப்பத்தாறு ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கணக்கு. அவரும் பார்ட்னர் மாதிரி. மச்சானுக்கு அதில் பிடித்த வார்த்தை 'இப்போது ஒன்றும் தர வேண்டாம்'. அந்தப் பெண்ணுக்குப் பிடித்த வார்த்தை 'பார்ட்னர்'.

அக்ரிமெண்டை இன்டர்நெட்டிலிருந்து நான்தான் எடுத்தேன். எந்த நாட்டிலோ பீங்கான் கப் விற்கிற ஒரு கம்பெனியின் அக்ரிமெண்ட். கப் என்று இருந்த இடத்தில் ஸ்டாண்ட் என்று மாற்றினேன். மற்றதை அப்படியே விட்டேன். அவர் பேனாவோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்தவர் சிரித்தார்.

"அங்கிள், 'சூளையில் உடைந்த பீஸ்களுக்கு ராயல்டி இல்லை'ன்னு போட்டிருக்கு. நாம ஸ்டாண்ட சூளையிலயா வெக்கப் போறோம்?"

"எதுக்கும் இருக்கட்டும்மா, ஸ்டாண்டர்ட் ஃபார்மட்" என்றார் மச்சான். அப்படி ஒரு வரி இருப்பதையே அவர் பார்த்திருக்கவில்லை.

அந்தப் பெண் அந்த வரியை அடித்தார். அதற்கு அடுத்த வரி, 'டேமேஜ் ஆன, செகண்ட்ஸாக விற்கப்படும் பீஸ்களுக்கும் ராயல்டி இல்லை'. பேனா அங்கே ஒரு கணம் நின்றது. "இது நியாயம்தான். டேமேஜ் பீஸுக்கு நான் எப்படிக் கேக்கறது?" என்று விட்டுவிட்டார்.

கையெழுத்து ஆனதும் டீ வந்தது. டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "வேலைய விட்டுட்டேன் அங்கிள். எனக்கு நானே ஒரு வருஷம் டைம் குடுத்திருக்கேன். நான் பண்ற சாமான் ஓடுச்சுன்னா இதுலயே இருப்பேன். ஓடலன்னா திரும்ப ஒரு ஆஃபீஸ்ல உக்காந்து, ஃபோன் ஸ்க்ரீன்ல பட்டன் ரைட்ல வெக்கறதா லெஃப்ட்ல வெக்கறதான்னு மீட்டிங் போடணும்."

"ஓடுதா இல்லையான்னு எப்படிம்மா தெரியும்?"

"அதான் நீங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவ சொல்லப் போறீங்களே. எத்தன பீஸ்னு."

ஒரு மனுஷி தன் வாழ்க்கையை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை நாங்கள் அனுப்பப்போகிற ஒரு எண்ணில் வைத்தார். நான் அப்போது பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். பாதி உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. எனக்கு அந்தக் கவலை.

முதல் மூன்று மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பீஸ் போயிற்று. ஏழாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு ரூபாய். ஒழுங்காக அனுப்பினோம். அந்தப் பெண் ஃபோனில் குதித்தார். மச்சான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"ஒரே தடவதான மாப்ள படம் வரைஞ்சா? ஒவ்வொரு பீஸுக்கும் புதுசா வரையறாளா என்ன? நம்ம பையன் டெய்லி வெல்டிங் அடிச்சு கண்ணு போவுது. இவ வீட்ல படுத்துக்கினு மீட்டர் ஓட்டறா, ஆட்டோ மாதிரி."

"அதுதான் மச்சான் ராயல்டி."

"அப்ப நீங்க எதுக்கு அந்த வார்த்தைய சொன்னீங்க?"

நான் கம்பி லோடை எண்ண எழுந்து போனேன்.

அந்தச் சமயத்தில்தான் அத்திபெலேயிலிருந்து வந்த லோடில் எட்டு பீஸ் கீறலோடு வந்தன. வெல்டிங் முடிந்த ஸ்டாண்டுகளைக் கலர் அடிக்க, அதாவது பவுடர் கோட்டிங்குக்கு, அத்திபெலேக்குத்தான் டெம்போவில் அனுப்புவோம். திரும்பி வரும்போது ஒன்றோடொன்று உரசிவிட்டன. செகண்ட்ஸ் என்று விலை குறைத்துத் தள்ளினோம்.

"மாப்ள, அந்த எட்டுக்கும் அவளுக்குக் காசு போச்சா?"

"இல்ல மச்சான். செகண்ட்ஸுக்குக் கிடையாதே."

அவர் அதை வெற்றிலை மாதிரி ஒரு நாள் முழுக்க மென்றார். மறுநாள் காலை ஒரு புது ஸ்டாண்டைக் கவிழ்த்துப் போட்டு, ஆணியால் அடிப்பக்கப் பட்டையில் ஒரு அங்குலத்துக்கு ஒரு கோடு கிழித்தார். திருப்பி நிறுத்தினார். கோடு தெரியவில்லை.

"இப்ப இது இன்னா?"

"ஸ்டாண்டு."

"செகண்ட்ஸு. அடில டேமேஜ். புல் ரேட்டுக்கே விப்போம். பில்லுல மட்டும் செகண்ட்ஸ்னு போடுவோம். செருப்பு ஸ்டாண்ட கவுத்து பாக்கறவன் இந்த ஊர்ல எவன் மாப்ள இருக்கான்?"

நான் சிரித்தேன். நிஜமாகவே வேடிக்கையாக இருந்தது. நல்ல சாமானை நாமே கெடுத்து, கெட்டுப்போச்சு என்று எழுதி, நல்ல சாமான் விலைக்கு விற்பது. இவ்வளவு மூளையை மச்சான் வேறு எதிலாவது செலவழித்திருந்தால் நாங்கள் எங்கேயோ போயிருப்போம். நான் ஒன்றும் சரி என்று சொல்லவில்லை. சிரிக்க மட்டும் செய்தேன். மச்சானுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கும்தான்.

கோடு போடுகிற வேலை பேக்கிங் அக்காவுக்குப் போயிற்று. அவர் ஜீவனஹள்ளிக்காரர், கொட்டகைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. எது செய்தாலும் நேர்த்தியாகச் செய்வார். மச்சான் அவரிடம், "இது கம்பெனி மார்க்கும்மா, பீஸுக்கு எட்டணா" என்றார். அக்கா ஆணியால் நாலு கோடு போட்டுப் பார்த்தார். கோணலாக வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸைக் கொண்டுவந்தார். பால் டப்பா அட்டையை அளந்து வெட்டி ஒரு அச்சு செய்துகொண்டார். அட்டையை மூலையில் வைத்து காம்பஸ் முள்ளால் ஒரே இழுப்பு. எல்லாப் பீஸிலும் ஒரே இடத்தில், ஒரே நீளத்தில், ஒரே சாய்வில் கோடு. எங்கள் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு என்று ஒன்று இருந்தது என்றால் அது அந்தக் கோட்டில் மட்டும்தான்.

அடுத்த மூன்று மாத ஸ்டேட்மெண்டில் அறுபத்தொன்று என்று போட்டேன். ஆமாம், நான்தான். கோடு கிழித்தது அக்கா, யோசித்தது மச்சான், கையெழுத்து என்னுடையது. கூடவே 'மார்க்கெட் கொஞ்சம் டல்' என்று ஒரு மெயில். மார்க்கெட் ஒன்றும் டல்லாக இல்லை. வெல்டிங்குக்கு இன்னொரு ஆளைப் போட்டிருந்தோம்.

அந்தப் பெண் என்ன செய்தார் தெரியுமா? திட்டவில்லை, சந்தேகப்படவில்லை. "பரவால்ல அங்கிள், ஒருவேள கலர் பிடிக்கலையோ என்னவோ" என்று நாலு நாள் உட்கார்ந்து, மூன்று புதுக் கலர் பார்த்துச் சாம்பிள் அனுப்பினார். காசு கேட்கவில்லை. அந்தக் கலரில் போட்டதும் சாமான் இன்னும் வேகமாகப் போயிற்று. அதற்கு அடுத்த ஸ்டேட்மெண்டில் நாற்பது என்று போட்டேன்.

இதற்கு நடுவில் சின்னத் தொழில் செய்பவர்களின் கூட்டம் ஒன்றில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பு: 'படைப்பாளிகளைப் பங்காளிகளாக்குவது எப்படி'. இந்த ஊர் வழக்கப்படி தலையில் மைசூர் பேட்டா என்கிற தலைப்பாகையை வைத்து, தோளில் சால்வை போட்டு, கையில் பழத்தட்டையும் கொடுத்தார்கள். பேட்டா என் தலைக்குச் சின்னது. காதுக்கு மேலே நின்றுகொண்டு, கல்யாணத்துக்கு வந்த இடத்தில் மாட்டிக்கொண்ட யானை மாதிரி இருந்தேன். "டிசைனர் ஜெயிச்சாதான் நாம ஜெயிப்போம்" என்று மைக்கில் சொன்னேன். கை தட்டினார்கள். ஃபோட்டோவைப் போட்டதும் முதல் ஹார்ட் அந்தப் பெண்ணுடையது. 'சோ ப்ரவுட் ஆஃப் யூ அங்கிள்!'

அதுகூடப் பரவாயில்லை. அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது.

அவர் வீதியில் போகும்போதெல்லாம் எங்கள் ஸ்டாண்ட் அவர் கண்ணில் பட ஆரம்பித்தது. படாமல் எப்படி இருக்கும்? தெருவுக்கு நாலு கேட்டில் தொங்கிற்று. ஒரு நாள் ஃபோட்டோ வந்தது, கூடவே குரல் மெசேஜ்: "அங்கிள், இங்க பாருங்க, அநியாயம்! நம்ம டிசைன அப்படியே காப்பி அடிச்சிருக்கானுங்க! நாம அறுபது பீஸ் விக்கறதுக்குள்ள இவனுங்க ஊர் ஃபுல்லா வித்துட்டானுங்க!"

தன் சாமானைத் தானே பார்த்து, திருட்டு சாமான் என்று நினைத்துவிட்டார். நாங்கள் கொடுத்த எண்ணை அவ்வளவு நம்பினார்.

நான் மச்சானிடம் காட்டினேன். "நல்லதாப் போச்சு" என்றார்.

நான் பதில் போட்டேன். கோபத்தில் சிவந்த மூஞ்சி மூன்று. 'விடக் கூடாதும்மா. நான் பாக்கறேன்.' அதற்கப்புறம் வாரத்துக்கு ஒரு ஃபோட்டோ வந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் சிவந்த மூஞ்சி போட்டேன். என் சொந்தச் சரக்கைப் பார்த்து நானே ஆத்திரப்பட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களில் எனக்கு ரத்தக் கொதிப்புகூட வரவில்லை. தூக்கம் நன்றாக வந்தது. கெட்டவர்களுக்குத் தூக்கம் வராது என்று சொல்பவர்கள் யாரும் கெட்டது செய்து பார்த்ததில்லை.

கடைசி ஸ்டேட்மெண்டில் பத்தொன்பது. அவர் தனக்குக் கொடுத்துக்கொண்ட ஒரு வருஷம் அதோடு முடிந்தது. ஆகஸ்ட் கடைசியில் ஃபோன் வந்தது.

"அங்கிள், ஒரு ஆஃபர் வந்திருக்கு. அதே பட்டன் வேலைதான். திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும். என்ன பண்ணட்டும்?"

"உனக்கு என்னம்மா தோணுது?"

"காப்பி அடிச்சவனுக்கு ஓடுது, நமக்கு ஓடல. அப்ப டிசைன்ல தப்பு இல்லன்னு ஒரு பக்கம் தோணுது. இன்னொரு பக்கம், எனக்கு நெஜமாவே ஜனங்களுக்கு என்ன வேணும்னு தெரியலையோன்னு இருக்கு. நீங்க சொல்லுங்க அங்கிள். நீங்கதான் கூடவே இருந்து பாத்தீங்க."

அந்த நேரத்தில் கொட்டகைக்கு வெளியே டெம்போவில் அறுபது பீஸ் ஏறிக்கொண்டிருந்தது. நான் ஃபோனோடு உள்ளே தள்ளி நின்றுகொண்டேன், சத்தம் கேட்கக் கூடாது என்று. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'ஓடுதும்மா.' ஒரே வார்த்தை. அதற்குப் பதிலாக நான் என்ன சொன்னேன் என்றால், "வேலைக்குப் போம்மா. பி.எஃப். இருக்கும், இன்சூரன்ஸ் இருக்கும். இந்த வயசுல அதுதான் முக்கியம்."

"தேங்க்ஸ் அங்கிள். உங்ககிட்ட கேட்டா தெளிவா இருக்கு" என்றார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழை இல்லை, ஒவ்வொரு சாயங்காலமும் வாளி வாளியாகக் கொட்டுகிற இந்த ஊர் மழை. நனைந்த செருப்பிலிருந்து தண்ணீர் வடிந்து ஸ்டாண்டின் அடிப்பட்டையில் வந்து தொங்கும். அங்கேதானே எங்கள் கோடு. கோட்டின் வழியாக இரும்பு துருப் பிடித்தது. துருவின் மேல் கோட்டிங் அப்பளம் மாதிரி பொரிந்தது. அங்கிருந்து சொட்டுச் சொட்டாகச் சிவப்புத் தண்ணீர் வாசல் டைல்ஸில் இறங்கியது. ஃபோன் விடாமல் அடித்தது. "சார், ஓனர் டைல்ஸ் கறைக்கு அட்வான்ஸ்ல பிடிக்கிறேன்றார், யார் குடுப்பா?" திரும்பி வந்த பீஸ்கள் கொட்டகை மூலையில் குவிந்தன. கடைக்காரர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள்.

"டிசைன் ஃபால்ட்டு மாப்ள" என்றார் மச்சான் கூசாமல். "தண்ணி வடிய ஓட்டை பத்தல. அவள கூப்புடுங்க. அவதான சரி பண்ணித் தரணும்? ராயல்டி வாங்கினால்ல?"

நான் கூப்பிட்டேன். என்னைப் பற்றி இதற்கு மேலும் ஏதாவது நல்ல அபிப்பிராயம் மிச்சமிருந்தால் இந்த இடத்தில் விட்டுவிடலாம்.

சனிக்கிழமை வந்தார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது, ஆனால் கையில் நோட்டு, ஸ்கேல், டார்ச் எல்லாம். தரையில் அட்டையைப் போட்டு உட்கார்ந்து முதல் பீஸைக் கவிழ்த்தார். துருவைத் துணியால் துடைத்துப் பார்த்தார். இரண்டாவது. மூன்றாவது. ஸ்கேலை வைத்து அளந்தார். நாலாவதுக்கு அளக்கவில்லை. நேராக அந்த இடத்திலேயே விரலை வைத்தார்.

"அங்கிள், எல்லாம் ஒரே எடத்துல ஆரம்பிச்சிருக்கு."

"டெம்போல உரசியிருக்கும்மா" என்றார் மச்சான்.

"டெம்போ ஸ்கேல் வெச்சு உரசுமாண்ணா?"

அந்த நேரத்தில் டீயோடு வந்தார் பேக்கிங் அக்கா. குனிந்து பார்த்தார். "அய்யே, அது உரசலு இல்ல மேடம். நம்ம கம்பெனி மார்க்கு. நான்தான் போடறேன்."

"நீங்களாக்கா?"

"ஆமா மேடம். பீஸுக்கு எட்டணா. கையால போட்டா கோணிக்கினு வருது, அதான் அட்ட வெட்டி வெச்சிக்கினேன். இரு, காட்றேன்." அலமாரியிலிருந்து அட்டையையும் காம்பஸையும் கொண்டுவந்து காட்டினார். மச்சான் கண்ணால் எவ்வளவோ ஜாடை செய்தார். அக்கா கவனிக்கவில்லை. அவர் வேலையை முதன்முதலாக ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

அந்தப் பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா வெட்டியிருக்கீங்கக்கா. மூலைல சரியா உக்காருது. இதுவரைக்கும் எத்தன பீஸுக்குப் போட்டிருப்பீங்க?"

"எழுதி வெச்சிருக்கேனே. இல்லாங்காட்டி அண்ணன் கொறச்சிக் குடுத்துடுவார்." ஜாக்கெட்டில் செருகியிருந்த சின்ன நோட்டை எடுத்தார். "ஆயிரத்து எட்நூத்தி நாப்பத்தேழு."

"ஆயிரத்து எண்ணூறா?"

"நாப்பத்தேழு மேடம்."

அப்போது அந்தப் பெண்ணின் முகத்தில் வந்தது கோபம் இல்லை. நான் கோபத்துக்குத் தயாராக இருந்தேன், ஒரு ஜோக்கூட யோசித்து வைத்திருந்தேன். வந்தது சந்தோஷம். "அவ்ளோ போச்சா?" என்று கண்ணை விரித்துக் கேட்டார். ஆயிரத்து எண்ணூறு வீட்டுக் கேட்டில் அவர் யோசித்த சாமான் தொங்குகிறது. அந்த ஒரு நிமிஷம் அவருக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகப் புரிய ஆரம்பித்தது. நோட்டைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் அனுப்பின ஃபோட்டோல்லாம்… காப்பி இல்லையா?"

நான் ஒரு ஸ்டாண்டை எடுத்துச் சுவரோரம் நிறுத்தினேன்.

"நீங்க கோவப்பட்டீங்களே அங்கிள். சிவப்பு மூஞ்சில்லாம் போட்டீங்களே."

மச்சான் தொண்டையைச் செருமினார். "அக்ரிமெண்ட்ல செகண்ட்ஸுக்குக் கெடையாதுன்னு தெளிவா இருக்கும்மா."

"இருக்குண்ணா. படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். சூளைய மட்டும் அடிச்சேன்."

அக்கா டீ டம்ளரோடு அப்படியே நின்றார். "இன்னாத்துக்குண்ணா அந்த மார்க்கு?" என்று மச்சானைக் கேட்டார். மச்சானுக்கு அவசரமாக ஒரு ஃபோன் பேச வேண்டியிருந்தது. வெளியே போனார். அடிக்காத ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, ஆட்டோ ஸ்டாண்ட் வரைக்கும் பேசிக்கொண்டே போனார்.

அந்தப் பெண் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும்னு உங்களக் கேட்டேன்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். எனக்குச் சொல்கிற மாதிரிகூட இல்லை, அந்தக் கவிழ்ந்த ஸ்டாண்டுக்குச் சொல்கிற மாதிரி.

நான், "மொத்தத்துக்கும் குடுத்துடறேம்மா" என்றேன்.

"குடுங்க சார்."

சார். ஒரு வருஷம் முழுக்க அந்த 'அங்கிள்' எனக்குப் பிடிக்கவே இல்லை.

கிளம்பும்போது ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "இனிமே உங்க ஸ்டேட்மெண்ட் வேண்டாம் சார். அக்காவுக்கு அந்த எட்டணாவ நிறுத்தாதீங்க. கோடு போட வேண்டாம், எண்ணினா போதும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ அவங்க நோட்ட ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க." அக்காவின் அச்சு அட்டையை மட்டும் கேட்டு வாங்கித் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு பீஸுக்கு அறுபத்தாறாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய். அக்காவுக்குக் கோட்டுக்கூலி தனி. திரும்பி வந்த பீஸ், டைல்ஸ் கறை பஞ்சாயத்து எல்லாம் தனி. மச்சான் அன்றைக்குக் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, மொதல்லயே அறுபதக் குடுத்து முடிச்சிருக்கலாம்."

"ஆமா மச்சான்."

"நீங்கதான் ராயல்டி ராயல்டின்னு."

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு மூளை. அதயும் எங்கண்ணன் ஆணியால கீறி வெச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போனாள்.

மூன்று தவணையில் பணத்தைக் கட்டிவிட்டேன். கட்டியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவர் வேலையை விடவில்லை. நானே ஒரு தடவை வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "புதுசா ஏதாவது யோசிச்சியாம்மா? இந்தத் தடவ மொத்தமா முன்னாடியே குடுத்துடறோம்." பதில் வந்தது: 'இல்ல சார். ஆஃபீஸ்ல டைம் கிடைக்கல.' காசு பாக்கி இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். 'ஓடவில்லை' என்று ஒன்பது மாதம் சொன்னதை எந்தத் தவணையில் திருப்பிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மச்சானுக்கு இந்தக் கேள்வியே புரியவில்லை.

ஸ்டாண்ட் இப்போது மறுபடி போகிறது. கோடு இல்லாததால் துரு இல்லை. டிசைனில் ஒரு தப்பும் இல்லை, ஓட்டையும் போதுமான அளவு இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அக்காவின் நோட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்புகிறேன். பணம் போகிறது. 'ரிசீவ்ட் சார், தேங்க்ஸ்' என்று வருகிறது. அவ்வளவுதான்.

போன மாதம் மட்டும் கூடவே ஒரு ஃபோட்டோ வந்தது. அவர் புதிதாகக் குடிபோன வீட்டு கிரில் கேட், அதில் எங்கள் ஸ்டாண்ட், பச்சைக் கலர். அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பச்சை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. 'எதுக்கும்மா கடைல வாங்கினே? சொல்லியிருந்தா நானே கொண்டுவந்து மாட்டியிருப்பேனே' என்று போட்டேன்.

குரல் மெசேஜ் வந்தது. பின்னால் டிராஃபிக் சத்தம்.

"பரவால்ல சார். கடைல நாலஞ்சு பீஸ் கவுத்து அடில பாத்துட்டுத்தான் வாங்கினேன். கடைக்காரர் சிரிக்கிறார் சார். செருப்பு ஸ்டாண்டப் போயி யாராவது கவுத்துப் பாப்பாங்களா மேடம்னு."

நான் பதிலுக்கு ஒரு சிரிக்கிற மூஞ்சியைத் தேடி எடுத்தேன். அனுப்பவில்லை. அழித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.